காயமுற்ற நாயும் கணக்குப் புத்தகமும்

"நாய் நன்றியுள்ள பிராணி" என்று தொடங்கும் கட்டுரையை எழுதாமல் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய மாணவனை நம் பாடசாலைகளிற் காண்பது அரிது. நாய் வீட்டைக் காக்கும். கள்வனைக் கண்டால் குரைக்கும். எசமானுக்காக உயிரையுங் கொடுக்கும். இவ்வாறு நாயின் கடமைகளை அடுக்கிச் செல்லும் அக்கட்டுரை, எசமானின் கடமை என்னும் இடத்துக்கு வருமுன்னரே முடிந்துவிடுகிறது. வேலை செய்கையில் அந்நாயின் கால் போய்விட்டால், குடல் சரிந்துவிட்டால், அதனை என்செய்வது என்று எந்தப் பாடநூலும் கேட்பதில்லை.

வன்னிப் பெருநிலப்பரப்பிலே இஃது ஏட்டுக் கேள்வியன்று. இங்கு நாய் மடியிற் கிடக்கும் செல்லப் பிராணியாக வாழ்ந்ததில்லை. மாட்டுப் பட்டிக்கு இராக் காவல் அது; சேனைப் பயிரைப் பன்றியிடமிருந்து மீட்பது அது; வேட்டைக்குப் போகிறவனுக்கு முன்னே ஓடுவதும் அதுவே. ஆகையால் காட்டின் ஆபத்துக்களெல்லாம் முதலில் நாயின் உடம்பிலேயே வந்து விழுகின்றன. மடக்கப்பட்ட பன்றி தன் கொம்பினால் வயிற்றைக் கிழிக்கும். பன்றிக்கென்று கட்டிய கட்டுத்துவக்கு, பன்றி வருமுன் நாய் தட்டினாலும் வெடிக்கும். இரைக்குள் மறைத்து வைக்கும் பன்றிவெடி இன்னுங் கொடியது. சிங்களத்தில் இதனை 'ஹக்க பட்டாஸ்' என்பர். தாடையைச் சிதைக்கும் வெடி என்பதே அப்பெயரின் பொருள். யானைக் கன்றுகள் இதனாற் பட்டினி கிடந்து மடிவதைப் பத்திரிகைகள் எழுதுகின்றன. நாய்கள் மடிவதை எவரும் எழுதுவதில்லை.

அடிபட்டு வந்த நாயை ஊரவர் என்செய்வர்? மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசுவர். புழு வைத்த புண்ணுக்குத் தேங்காயெண்ணெயிற் கற்பூரங் கலந்து விடுவர். துவக்கு வைத்திருப்பவர் சிலர் ஒரே வெடியில் முடித்துவிடுவர். எஞ்சியோர் ஒன்றுஞ் செய்வதில்லை. அது தானாகப் பற்றைக்குள் போய்க் கிடந்து இரண்டு மூன்று நாளிற் கதையை முடித்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவர். ஒன்றுஞ் செய்யாதிருத்தலும் ஒரு தீர்மானமே. அதன் விலையை நாய் மட்டும் செலுத்துகிறது என்பதனால் அது தீர்மானமாக நமக்குத் தோன்றுவதில்லை.

உழைக்கும் நாயை நம் முன்னோர் மதிக்கவில்லை என்று சொல்வதற்கில்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரிலே, 7ஆம் நூற்றாண்டில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் நாட்டப்பட்ட நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காத்து நின்று கள்வரோடு பொருது மடிந்த கருந்தேவக்கத்தி என்பானுக்கு எடுத்த கல் அது. அவனுடைய நாயின் உருவமும் அதிற் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டே கூறுகிறது. ஓர் எளிய பட்டிக் காவல் நாயின் பெயர் 1300 ஆண்டுகளைக் கடந்து நம்மிடம் வந்து சேர்ந்திருப்பது வியப்பன்றோ! அக்காலத்துப் பேரரசிகள் எத்தனையோ பேரின் பெயர்களை நாம் அறியோம்.

கன்னட நாட்டு ஆதகூர்க் கல்வெட்டு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. 949ஆம் ஆண்டளவில் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்டான். அவனை வீழ்த்திய கங்க மன்னன் பூதுகன், போரில் வீரங்காட்டிய மணலேரன் என்பவனை நோக்கி வேண்டியதைக் கேள் என்றான். அவன் கேட்டது காளி என்னும் வேட்டை நாயை. அந்நாய் பின்னர் ஒரு பெரும் பன்றியோடு பொருதது, இரண்டும் செத்தன. நாய்க்குக் கல் நாட்டி, நிலங் கொடுத்து, பூசனைக்கும் ஏற்பாடு செய்தனர். சோழ இளவரசனின் மரணமும் காளியின் மரணமும் ஒரே கல்லில் நிற்கின்றன. நாயும் பன்றியும் பொருதுங் காட்சி செதுக்கிய அக்கல்லைப் பெங்களூர் அருங்காட்சியகத்திற் காணலாம்.

ஆயினும் இவ்விரு கற்களும் செத்த நாய்களைப் பற்றியன. கோவிவன் காலிழந்து உயிரோடு மீண்டிருந்தால் அதற்குக் கல் கிடைத்திருக்குமா? கல்லைவிட அதற்கு வேண்டியிருந்தது நாள்தோறும் ஒரு பிடி சோறும், புண்ணைக் கழுவ ஒரு கையுமே. கல் ஒருமுறை நட்டால் போதும். காயமோ நாள்தோறும் செலவு கேட்கும். நம் பழங்கதைகளும் இவ்வாறே சாவைச் சுற்றியே பின்னப்பட்டுள்ளன. அநுராதபுரத்தை ஆண்ட எல்லாளனின் மைந்தன் தேரேற்றிய கன்று உடனே இறந்துவிடுகிறது. மகாவமிசம் கூறுவதும் சோழ நாட்டு மனுநீதி கதையும் இதில் ஒத்திருக்கின்றன. கன்று முதுகொடிந்து உயிரோடு கிடந்திருந்தால் மன்னனின் நீதி என்னவாகியிருக்கும்? கதைக்கு அது வசதிப்படாது.

காயத்தோடு நீதி கேட்டு வந்த நாய் ஒன்றும் இதிகாசத்தில் இல்லாமற் போகவில்லை. வான்மீகத்தின் உத்தர காண்டத்திலே, இடைச்செருகல் எனக் கருதப்படும் பகுதியில், மண்டை உடைந்த நாயொன்று இராமனின் வாயிலில் வந்து நிற்கிறது. அடித்தவன் ஒரு பிராமணன். அவனுக்கு என்ன தண்டனை வேண்டும் என்று கேட்டபோது, அவனை ஒரு மடத்துக்குத் தலைவனாக்குக என்கிறது நாய். தானும் முற்பிறப்பில் மடத்தலைவனாயிருந்தே இப்பிறப்பில் நாயானேன் என்று காரணமுங் காட்டுகிறது. நகைச்சுவை கூர்மையானதே. ஆனால் கதையின் கவனமெல்லாம் தண்டனையிலே நிற்க, உடைந்த மண்டை தொடக்கத்திலேயே மறக்கப்பட்டுவிடுகிறது.

அரசு என்னும் நிறுவனம் விலங்கின் மருத்துவத்தைக் கணக்கில் எடுத்ததற்கு நம்மிடமுள்ள பழஞ்சான்றுகளுள் ஒன்று அசோகனின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு. கி.மு. 3ஆம் நூற்றாண்டின் அச்சாசனம், மனிதருக்கும் விலங்குகளுக்குமாக இருவகை மருத்துவத்துக்கும் ஏற்பாடு செய்ததாகவும், மூலிகைகள் இல்லாத இடங்களில் அவற்றைக் கொணர்ந்து நட்டதாகவும் கூறுகிறது. அந்த ஏற்பாடு எட்டிய நாடுகளின் வரிசையில் சோழரும் பாண்டியரும், தம்பபண்ணி என்னும் நம் ஈழமும் இடம்பெறுகின்றன. பின்னர் 4ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் ஆண்ட புத்ததாசன் தானே வைத்தியன். யானைகளுக்கும் குதிரைகளுக்கும் படையினருக்கும் வைத்தியரை நியமித்தான் என்று சூளவமிசம் புகழ்கிறது. இந்த வரிசையைச் சற்றே உற்று நோக்குதல் வேண்டும். யானை, குதிரை, படையாள்: மூன்றும் அரசனின் போர்ச் சொத்து. பட்டிக்காரனின் நாய் அதில் இல்லை. யாருக்காக உழைக்கிறதோ அவரின் அதிகாரமே விலங்கின் மருத்துவத்தையும் தீர்மானிக்கிறது என்ற உண்மை அன்றே வெளிப்பட்டுவிட்டது.

பிரித்தானிய ஆட்சி நாயை இரண்டு வழிகளில் மட்டுமே கண்டது: நோய் பரப்பும் பிராணியாகவும், பதிவுக் கட்டணம் பெறத்தக்க பொருளாகவும். 1893இல் விசர்நாய்க்கடி நோய்ச் சட்டமும், 1901இல் நாய்களைப் பதியும் சட்டமும் வந்தன. 1907இல்தான் விலங்குகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் 13ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. அதில் விதிக்கப்பட்ட தண்டம் 100 ரூபாவைத் தாண்டாதது. அன்று அத்தொகைக்கு மதிப்பிருந்தது. ரூபா தேய்ந்து தேய்ந்து போனபோதும் அத்தொகை பல்லாண்டு தேயாமலே நின்றது! 2006இல் சட்ட ஆணைக்குழு புதியதோர் விலங்கு நலச் சட்டமூலத்தை வரைந்தது. ஆட்சிகள் மாறியபோதும் அது சட்டமாகாமலே நெடுங்காலம் கிடந்தது. இந்தியாவிலோ, ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தொடக்கிய முயற்சி 1960இல் சட்டமாயிற்று. உயிரோடு வைத்திருப்பதே கொடுமையாகும் அளவுக்குக் காயமுற்ற விலங்கை, மிருக வைத்தியரின் சான்றின்மேல் நோவின்றி முடிவுறுத்த அதன் 13ஆம் பிரிவு வழி செய்கிறது. சாகவிடுவதும் சாகச் செய்வதும் வேறு வேறு என்பதை ஒரு சட்டம் ஏற்றுக்கொண்டதை நாம் சிறிய செய்தியாகக் கொள்வதற்கில்லை.

இருபதாம் நூற்றாண்டின் போர்கள் நாயைப் படைத் தளபாடமாக்கின. வியட்நாமில் அமெரிக்கப் படை ஏறத்தாழ 4,000 நாய்களைப் பயன்படுத்தியது. பதுங்கு குழியையும் பொறியையும் மோந்து காட்டி எண்ணற்ற சிப்பாய்களின் உயிரைக் காத்த அந்நாய்களுள் நாடு திரும்பியவை 200 அளவே. எஞ்சியவை போரிலும் நோயிலும் மடிந்தன, அல்லது கொல்லப்பட்டன, அல்லது தென்வியட்நாமியப் படையிடம் கைவிடப்பட்டன. கணக்கேட்டில் அவை மிகைத் தளபாடம். பழுதான லொறியைத் திருத்துவதா விடுவதா என்று கேட்பது போலவே நாயைப் பற்றியும் கேட்டனர். பணி முடிந்த படை நாயை வளர்க்க விரும்புவோரிடம் ஒப்படைக்கலாம் என்ற சட்டம் அந்நாட்டில் வருவதற்கு 2000ஆம் ஆண்டு நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதை முதலாளித்துவத்தின் குணம் என்று மட்டும் சொல்லி நாம் தப்பிவிட முடியாது. சோவியத் படை 1941இல் நாய்களின் முதுகில் வெடிமருந்தைக் கட்டி ஜெர்மானியத் தாங்கிகளுக்கு அடியில் ஓடவிட்டது. அவற்றுக்குத் திரும்பும் வழியே வகுக்கப்படவில்லை. 1957 நவம்பர் 3இல் விண்ணுக்குச் சென்ற லைக்காவுக்கும் அவ்வாறே. சில மணி நேரத்திற்குள் வெப்பந் தாளாது அது இறந்தது என்ற உண்மை 2002இல்தான் உலகுக்குச் சொல்லப்பட்டது. அதே சோவியத் நாட்டில் சுல்பார்ஸ் என்ற நாய் 7,000க்கு மேற்பட்ட மிதிவெடிகளைக் கண்டுபிடித்துப் பதக்கமும் பெற்றது. 1945 யூன் 24ஆந் திகதி மொஸ்கோ வெற்றி அணிவகுப்பிலே, காயமுற்று நடக்கமாட்டாதிருந்த அதனை ஓர் அதிகாரி கைகளில் ஏந்திச் சென்றார் என்று வழங்குவர். ஸ்டாலினின் மேலங்கியில் வைத்துச் சுமந்தார் என்ற ஒட்டை நாம் விட்டுவிடலாம். தலைவர்களைச் சுற்றி இத்தகைய கதைகள் முளைப்பது வழக்கம். ஏந்திச் செல்லப்பட்ட ஒரு நாய்க்குப் பின்னால், ஏந்துவாரின்றிக் கிடந்த நாய்கள் எத்தனை என்பதே வரலாற்று மாணவன் கேட்கவேண்டிய கேள்வி.

இந்த உலக வரலாறு வன்னிக்கு வந்து சேர்ந்தது மிதிவெடியின் வழியாக. 2002 பெப்ரவரிப் போர்நிறுத்தத்தின் பின்னும், 2009 மே மாதத்தில் போர் முடிந்த பின்னும், பன்னாட்டு நிறுவனங்களும் இலங்கைப் படையும் இம்மண்ணில் வெடியகற்றலில் இறங்கின. அமெரிக்காவின் மார்ஷல் மரபுரிமை நிறுவனம் பயிற்றப்பட்ட மோப்ப நாய்களை இலங்கைப் படைக்கு வழங்கியது. நாயின் தேவை எங்கே எழுந்தது என்பதைச் சொல்ல வேண்டும். போர் நடந்த மண்ணில் எறிகணைச் சிதறலும் சன்னமும் விதைத்தாற்போற் கிடக்கும். உலோகங்காட்டும் கருவி அவை ஒவ்வொன்றுக்கும் ஒலி எழுப்பும். மரப்பெட்டியில் அமைந்த 'ஜொனி' போன்ற உள்ளூர் மிதிவெடிகளிலோ உலோகம் மிகக் குறைவு. நாய் உலோகத்தைத் தேடுவதில்லை; வெடிமருந்தின் ஆவியையே மோக்கிறது. நீண்ட வாரைப் பிடித்தபடி அதனை நடத்துபவர் துப்புரவு செய்த பாதையில் நிற்க, நாய் ஒழுங்கைபோல் அளந்துவிட்ட தரையை மோந்து செல்லும். வாடை பட்டால் அவ்விடத்தில் அமர்ந்துவிடும். மீதி வேலை மனிதனுடையது. வன்னி வெயில் ஏறினால் நாயின் மூக்கு சோரும்; ஆதலால் வேலை விடியற்காலையிலேயே தொடங்கும். நாய் போகமுடியாத பற்றையிலும் மணற்புட்டியிலும் ஆளே இறங்க வேண்டும். தோட்டத்திற் குப்பை வாரும் வாரியைப் போன்ற கருவியால் மண்ணை மெல்ல மெல்ல வாரி எடுக்கும் முறை இந்நாட்டிலேதான் வளர்ந்தது.

மிதிவெடியில் காலிழந்த போர் நாய்களுள் உலகறிந்தது லூக்கா. அமெரிக்கப் படையின் அந்நாய் 2012 மார்ச்சில் ஆப்கானிஸ்தானின் ஹெல்மந்து மாகாணத்தில் முன்னங்கால் ஒன்றை இழந்தது. உடன் நின்ற வீரர் அங்கேயே இரத்தத்தைக் கட்டினார், ஹெலிகொப்டர் வந்தது, சத்திரசிகிச்சை நடந்தது. மூன்று காலோடு ஓய்வுபெற்று, முன்பு தன்னை நடத்தியவரின் வீட்டில் வாழ்ந்த லூக்காவுக்கு 2016இல் பிரித்தானியாவின் டிக்கின் பதக்கமும் வழங்கப்பட்டது. அந்த வீரரின் கையை நாம் மனமார வாழ்த்துகிறோம். ஆனால் அதே ஹெல்மந்தில் அதே வெடியை மிதித்த உழவனின் பிள்ளைக்கு ஹெலிகொப்டர் வந்ததா என்று கேளாமல் அடுத்த வரிக்குச் செல்ல நம்மால் இயலவில்லை.

இங்கேதான் நம் ஊரவரின் மறுப்பும் எழுகிறது. 2009இல் முள்ளிவாய்க்காலை நோக்கி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மயக்கமருந்து போதவில்லை; சத்திரசிகிச்சைப் பொருள்கள் தடுக்கப்பட்டதை ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழுவின் 2011 அறிக்கை பதிவு செய்துள்ளது. மனிதருக்கே இல்லாத மருந்தை நாய்க்கா கேட்கிறீர் என்பதே மறுப்பு. இம்மறுப்பை ஏளனஞ் செய்பவன் இம்மண்ணை அறியாதவன். கொழும்பில் இறக்குமதி நாய்க்குக் குளிரூட்டிய அறை தேடும் கனவான்களின் விலங்கபிமானம் வன்னியில் விலைபோகாது, போகவும் வேண்டாம்.

ஆனால் மறுப்பைச் சற்றுத் துருவிப் பார்த்தால் அது வேறு திசையைக் காட்டுகிறது. மருந்தை மனிதனிடமிருந்து பறித்தது நாயன்று. காயமுற்ற உழைப்பாளியை எவ்வாறு நடத்துவது என்ற கேள்விக்கு அதிகாரம் தருகிற விடை ஒன்றே: வேலைக்கு உதவுமா, உதவாதா? அந்தக் கேள்வி நாயோடு நிற்பதில்லை. வடக்கின் வெடியகற்றும் அணிகளில் நம் பெண்கள், கணவரை இழந்து குடும்பத்தைத் தாமே தாங்குவோர், முழங்காலிட்டு மண்ணைக் கிளறியிருக்கிறார்கள். ஒப்பந்தமும் நன்கொடையும் உள்ளவரையே அவ்வேலை. கிளிநொச்சி மாவட்டத்து முகமாலையில் விதைக்கப்பட்டிருந்த வெடிகளின் அடர்த்தியை அறிந்தவர்கள் அவ்வுழைப்பின் அளவை உணர்வார்கள். நன்கொடை வற்றினால் அப்பெண் யார்? ஒரு காலை இழந்தால் அவள் யார்? கணக்கேட்டில் மிகைத் தளபாடம் என்ற தலைப்பு நாய்க்காகத் திறக்கப்பட்டால், அதன் கீழே வேறு பெயர்களை எழுத நெடுநேரஞ் செல்லாது.

ஆகையால் அடிபட்ட நாயின் முன் நிற்கும்போது நாம் முதலிற் கேட்கவேண்டியது, இது இனி உழைக்குமா என்பதன்று. இது இனி நோவின்றி வாழுமா என்பதே. இரண்டுக்கும் விடை பல வேளைகளில் வேறுபடும். ஒரு காலை இழந்த நாய் பட்டிக்கு உதவாமற் போகலாம். ஆயினும் மூன்று காலில் உண்டு, உறங்கி, ஓடிக்கூடத் திரியும். காலை வெட்டுதல் மனிதருக்கு உள்ளத்திலும் விளைக்கும் துயரை நாய்க்கும் ஏற்றிப் பார்த்து, "இப்படி வாழ்வதிலும் சாவது மேல்" என்று அதன் சார்பில் நாம் முடிவு கட்டுவது தவறு. முதுகெலும்பு அறுந்து பின்னுடல் மரத்துப்போன நாயின் நிலை வேறு. தாடை முழுதும் சிதைந்து நீரும் இறக்கமாட்டாத நாயின் நிலை வேறு. அங்கே உறக்க மருந்தை மிகுதியாக ஏற்றி, வைத்தியர் அதனைத் துயிலிலேயே அனுப்பிவிடுவது கருணை. பற்றைக்குள் விட்டுவிடுவது கருணையன்று. குடல் சரிந்திருந்தால் அதனைத் திணிக்காமல், சுத்தமான ஈரத் துணியாற் சுற்றி விரைந்து கொண்டுசெல்ல வேண்டும். பிழைக்கும் நாய்கள் உண்டு. நம்மிடமுள்ள வலி மாத்திரையைக் கொடுப்பதோ ஆபத்து. மனிதர் உட்கொள்ளும் அத்தகைய மாத்திரைகள் சில நாய்க்கு நஞ்சு. நோவிற் கிடக்கும் நாய் தன்னை வளர்த்தவரையும் கடிக்கும். விசர்நாய்க்கடியின் அச்சம் உள்ள நாட்டில், வாயைத் துணியாற் கட்டிய பின்னரே தூக்குதல் அறிவு. தாடை உடைந்ததற்கு அதுவும் ஆகாது. போர்வையிற் சுற்றித்தான் எடுக்க வேண்டும்.

தீர்மானம் யாருடையது என்பது இன்னுஞ் சிக்கலானது. சட்டப்படி நாய் உரிமையாளனின் சொத்து. ஆனால் பட்டியின் உரிமையாளன் பல வேளை ஊரிலே இருப்பான். நாயோடு காட்டிற் கிடப்பவன் கூலிக்கு மாடு மேய்ப்பவன். அது நேற்று என்ன தின்றது, எந்தக் குரலில் முனகினால் எங்கே நோகிறது என்று அறிந்தவன் அவனே. செலவைச் செய்யவேண்டியவனோ மற்றவன். மிதிவெடி நாயைப் பொறுத்தவரையிலும் இதுவே: ஆண்டுக்கணக்கில் அதனோடு நடந்தவருக்கு அறிவு உண்டு, அதிகாரம் இல்லை. அறிந்தவனின் சொல்லுக்கும் வைத்தியரின் சொல்லுக்கும் பின்னரே பணம் பேசவேண்டும். இப்போது பணம் முதலிலேயே பேசி முடித்துவிடுகிறது.

பணத்தைப் பேசவைக்காமலிருக்க வழியில்லையா? வன்னியில் பாலை ஒன்றுசேர்த்து விற்கும் கூட்டுறவு மரபு உண்டு. பசுவின் பாலைச் சேர்க்கும் சங்கம், அப்பசுவைக் காக்கும் நாயின் சிகிச்சைக்கும் ஒரு சிறு நிதியை ஒதுக்குவது நடவாத காரியமன்று; லீற்றருக்குச் சில சதம் போதும். தனியொருவன் தாங்கமாட்டாத செலவை ஊர் தாங்கும்போது, துவக்கா பற்றையா என்ற இரண்டு வழிக்கும் வெளியே மூன்றாவது வழி திறக்கும். அரச மிருக வைத்திய அலுவலகங்கள் பசுவுக்கும் ஆட்டுக்குமே பெரிதும் உழைக்கின்றன. எலும்பு முறிவுக்குரிய சத்திரசிகிச்சையை அங்கே எதிர்பார்ப்பதற்கில்லை. இலங்கையின் மிருக வைத்திய பீடம் இருப்பது பேராதனையிலே. கண்டியில் தொடங்கும் ஏ-9 வீதி வவுனியாவையும் மாங்குளத்தையும் கிளிநொச்சியையும் கடந்து யாழ்ப்பாணஞ் செல்கிறது. தங்கள் பயிற்சிக் காலத்திற் சில கிழமைகளையேனும் மாணவ வைத்தியர்கள் இந்த வீதியால் வடக்கே வந்து கழிக்கவேண்டுமென்று பல்கலைக்கழகத்தைக் கேட்பதற்கு நம் ஆசிரிய சங்கங்களுக்கும் மாணவர் மன்றங்களுக்கும் வாய் உண்டு. ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017இல் இணைந்தது. மிதிவெடிகளை அகற்றி முடிக்க அது விதித்த முதற் காலக்கெடு 2028 யூன். வெடியகற்றும் ஒப்பந்தங்களைப் பரிசீலிப்போர், அவற்றில் நாயின் விலை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடும்போது, அதன் ஓய்வுக்கும் சிகிச்சைக்கும் ஒரு வரி இருக்கிறதா, அதனை நடத்தியவரின் காலுக்கு ஒரு வரி இருக்கிறதா என்பதையும் சேர்த்தே பார்க்கட்டும்.